பினாங்கில் வைனோடு ஒரு குடும்ப விருந்து: பீடோங்கில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கு ஜோர்ஜ் டவுன் உணவகங்களில் பதினான்கு ஆண்டுகள் மேசை பார்த்தவள் நான். தட்டு தூக்குவதில் தொடங்கி, வைன் பட்டியலைக் கையில் பிடித்துக்கொண்டு விளக்கம் சொல்லும் வேலை வரை வந்தேன். இப்போது கெடாவில் உள்ள பீடோங் திரும்பி ஒரு சின்ன அச்சுக்கடை வைத்திருக்கிறேன். அறுபதாம் கல்யாணத்துக்கும் பணி ஓய்வு விருந்துக்கும் அழைப்பிதழ் அடிக்க வருகிறவர்கள், எழுத்துப்பிழை பார்த்து முடித்ததும் மெதுவாகக் கேட்பார்கள்: "அக்கா, மகன் சிங்கப்பூர்லேருந்து வர்றான். எல்லாரையும் பினாங்குக்குக் கூட்டிட்டுப் போயி, வைன் இருக்கிற நல்ல கடையில சாப்பாடு போடணுங்கிறான்…"

அதற்குப் பிறகு வரும் கேள்விகள் எல்லாம் ஒன்றுபோலத்தான். அதனால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

நல்ல வைன் இருக்கிற கடைன்னா என்ன அக்கா? விலை கூடுன கடையா?

இல்லை. வைனை ஒழுங்காக வைத்திருக்கும் கடை. நம் ஊர் வெயிலில் வைன் சீக்கிரம் கெட்டுப்போகும். கண்ணாடிச் சன்னலோரம் அழகுக்கு அடுக்கி வைத்த போத்தல்களும், அடுப்படிக்குப் பக்கத்து அலமாரியில் நிற்கும் போத்தல்களும் எவ்வளவு விலையுயர்ந்தவையாக இருந்தாலும் வெந்துபோன சரக்குதான். வைனுக்கென்று தனிக் குளிர்ப்பெட்டி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அப்புறம் பட்டியல். இருபது வைனே இருந்தாலும், அந்த இருபதையும் பரிமாறுகிறவருக்குத் தெரிந்திருந்தால் அது நல்ல கடை. நூற்றைம்பது பெயரைப் போட்டுவிட்டு, கேட்கிற ஒவ்வொன்றுக்கும் "அது முடிஞ்சிருச்சு" என்று சொல்லும் கடைகளையும் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்கிறேன், இதை யாரும் நம்புவதில்லை. வைன் குடிக்காதவர்களை அந்தக் கடை எப்படிக் கவனிக்கிறது என்று பாருங்கள். உங்கள் மேசையில் பத்துப் பேர் உட்கார்ந்தால் அதில் நான்கு பேர்தான் குடிப்பார்கள். மற்ற ஆறு பேருக்குத் தண்ணீரும் கோக்கும் தவிர வேறு எதுவும் யோசிக்காத கடையில், அந்த நான்கு பேருக்கும் விருந்து ருசிக்காது.

இதுக்குப் பினாங்கு வரைக்கும் போகணுமா? சுங்கை பட்டாணியில இல்லையா?

பக்கத்துப் பட்டணமான சுங்கை பட்டாணியில் பீர் கிடைக்கும் கடைகளுக்குக் குறைவில்லை. ஆனால் மேலே சொன்ன மாதிரி வைனைப் பாதுகாத்து, பட்டியல் போட்டு, தெரிந்து பரிமாறும் இடம் அரிது. பினாங்கில் விடுதிகளும் வெளிநாட்டுப் பயணிகளும் அதிகம் என்பதால் வைன் நன்றாக விற்றுப் போகிறது. சரக்கு தேங்காமல் ஓடும் இடத்தில்தான் போத்தல் புதிதாக இருக்கும். வைனே வேண்டாம், நல்ல சாப்பாடு போதும் என்றால் பாலம் தாண்ட வேண்டியதே இல்லை.

சுத்தி வளைக்காம கடை பேரைச் சொல்லிடுங்களேன்.

சொல்ல மாட்டேன். சமையல்காரர் மாறினால் கடையே மாறிவிடும். நான் சொன்ன பெயரை நம்பி நீங்கள் இரண்டு வருடம் கழித்துப் போய் ஏமாந்தால், அழைப்பிதழ் அடிக்க வேறு கடைக்குப் போய்விடுவீர்கள்.

உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுக்கும் மிஷலின் கையேடு 2023 பதிப்பிலிருந்து கோலாலம்பூரையும் பினாங்கையும் சேர்த்துப் பார்க்கிறது. அந்தப் பட்டியலை ஒரு தொடக்கமாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது சாப்பாட்டுக்குக் கொடுக்கும் மதிப்பு. அதில் வரும் கடைகளில் பல தெருவோரக் கடைகள், வைனுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. நட்சத்திரம் வாங்கிய மேல்நாட்டு உணவகங்களில் வைன் நன்றாக இருக்கும். ஆனால் அங்கே எண்ணி வைத்த மாதிரி எட்டு சின்னத் தட்டு வரும், மூன்று மணி நேரம் உட்கார வேண்டும். உங்கள் தாத்தா இரண்டாவது தட்டிலேயே "சோறு எப்ப வரும்?" என்று கேட்பார். குடும்பமாகப் போவதற்கு இத்தாலிய உணவகம், விடுதி உணவகம், சீனர் கடல் உணவுக்கடை, வைன் வைத்திருக்கும் வட இந்திய உணவகம், இந்த நான்கில் ஒன்றைப் பாருங்கள். லிட்டில் இந்தியாவில் நமக்குப் பழகிய வாழையிலைக் கடைகளில் பொதுவாக மது கிடையாது.

பாட்டிக்கு முழங்கால் வலி. அதையும் பார்க்கணுமா?

வைனைவிட முதலில் அதைப் பாருங்கள். ஜோர்ஜ் டவுன் பழைய பட்டணப் பகுதி 2008இல் யுனெஸ்கோ பாரம்பரியத் தலமானது. அழகான உணவகங்கள் பாதிக்கு மேல் அந்தப் பழைய கடைவீடுகளில்தான் இருக்கின்றன. கடைக்கு முன்னால் உள்ள அஞ்சடி நடைபாதையில் படி ஏறி இறங்க வேண்டும், உள்ளே மரப்படி செங்குத்தாக இருக்கும், கழிவறை பின்கட்டில் இருக்கும். காடி நிறுத்த இடம் தேடி இரண்டு தெரு சுற்ற வேண்டும். பாட்டி வருகிறார் என்றால் மின்தூக்கி உள்ள விடுதி உணவகம் நல்லது, அல்லது கீழ்த்தளத்தில் மேசை வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். வாசலில் இறக்கிவிட்டுப் போக வழியிருக்கிறதா என்பதையும் கேளுங்கள்.

போன் போட்டு என்ன கேட்கிறது? எனக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராது.

மலாயில் கேளுங்கள், தாராளமாகப் பதில் சொல்வார்கள். பல கடைகளில் புலனத்திலும் (வாட்ஸ்அப்) கேட்கலாம், எழுத்தில் இருப்பது பின்னால் உதவும். ஆனால் ஒரு முறையாவது பேசிப் பாருங்கள் என்பது என் எண்ணம். அந்தக் குரலிலேயே கடையின் குணம் தெரிந்துவிடும்.

நான் கேட்கச் சொல்வது இவ்வளவுதான். எத்தனை பேர், அதில் சைவம் எத்தனை, மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் எத்தனை. வைன் பட்டியலை விலையோடு அனுப்ப முடியுமா. நாங்கள் போத்தல் கொண்டுவந்தால் திறப்புக் கட்டணம் எவ்வளவு. பிறந்தநாள் கேக் கொண்டுவரலாமா, அதற்கும் கட்டணம் உண்டா. விலையோடு பட்டியல் அனுப்பத் தயங்கும் கடையை விட்டுவிடுங்கள். வாரக் கடைசியாக இருந்தால் ஏழு மணிக்கு முன்னால் மேசை கேளுங்கள். அந்த நேரத்தில் சமையலறை பரபரப்பில்லாமல் இருக்கும், பரிமாறுகிறவருக்கும் உங்களோடு நின்று பேச நேரம் இருக்கும்.

விலைக்குப் பக்கத்துல ரெண்டு ப்ளஸ் போட்டிருக்காங்களே, அது என்ன?

ஒரு ப்ளஸ் சேவைக் கட்டணம், வழக்கமாக 10 விழுக்காடு. இது கடை வாங்குவது, அரசாங்கத்துக்குப் போவதில்லை. இன்னொரு ப்ளஸ் அரசாங்கத்தின் சேவை வரி. 2024 மார்ச்சில் மற்ற பல சேவைகளுக்கு 8 விழுக்காடாக ஏறியபோதும் உணவகச் சாப்பாட்டுக்கு 6 விழுக்காடாகவே இருந்தது. ஆக, 60 வெள்ளி (ரிங்கிட்) என்று போட்ட தட்டு உங்கள் ரசீதில் 69 வெள்ளி 60 சென்னாக வரும். பத்துப் பேருக்கு 1,000 வெள்ளி என்று நினைத்துப் போனால் 1,160 ஆகும். அந்த 160ஐ எதிர்பார்க்காமல் போய், கடைசியில் மேசையிலேயே அண்ணனும் தம்பியும் முகம் சுளித்துக்கொண்ட விருந்துகளை நான் ஓரமாக நின்று பார்த்திருக்கிறேன்.

கடையில 70 வெள்ளிக்கு விக்கிற போத்தல் அங்க 180. இது கொள்ளையில்லையா?

கொஞ்சம் கொள்ளைதான். ஆனால் முழுக்க அல்ல. உணவகங்கள் வாங்கின விலைக்கு இரண்டு மூன்று மடங்கு வைப்பது உலகம் முழுக்க உள்ள வழக்கம். கண்ணாடிக் குவளை, குளிர்ப்பெட்டி, உடைசல், பரிமாறுகிறவர் சம்பளம் எல்லாம் அதற்குள் அடக்கம்.

நம் நாட்டில் மதுவுக்கு வரியும் கனம். 2016 முதல் கலால் தீர்வையைப் போத்தலில் உள்ள ஆல்கஹால் அளவை வைத்துக் கணக்கிடுகிறார்கள். சாதாரண வைனுக்கு, சுத்த ஆல்கஹால் லிட்டருக்கு 150 வெள்ளி என்று வைத்தார்கள். 13 விழுக்காடு வைன் 750 மில்லிலிட்டர் போத்தலுக்கு அது 14 வெள்ளி 60 சென் ஆனது. 2025 நவம்பரில் மதுவுக்கான தீர்வை இன்னும் 10 விழுக்காடு கூடியது. நுரைக்கும் வைனுக்கு அந்த விகிதம் சாதாரண வைனைப்போல் மூன்று மடங்கு. ஷாம்பெய்ன் மாதிரி எதையாவது திறந்து அப்பாவுக்கு வாழ்த்துச் சொல்ல ஆசைப்படுகிறவர்கள் பட்டியலைப் பார்த்து மிரள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பட்டியலில் மிக மலிவானதையும் எடுக்க வேண்டாம், அதற்கு அடுத்ததையும் எடுக்க வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். "150 வெள்ளிக்குள் வேண்டும், எதை எடுக்கலாம்?" என்று நேராகக் கேளுங்கள். நல்ல பரிமாறுகிறவர் அந்தத் தொகைக்குள்தான் காட்டுவார். 220ஐக் காட்டினால் நீங்கள் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டு 150க்குத் திரும்பலாம்.

லங்காவியில வரியில்லாம வாங்கின போத்தல் வீட்டுல இருக்கு. அதைக் கொண்டு போகலாமா?

கெடாக்காரர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி இது! லங்காவி 1987 முதல் தீர்வையில்லாத் தீவு. அங்கே குறைந்தது 48 மணி நேரம் தங்கியிருந்தால், ஆளுக்கு ஒரு லிட்டர் வரை மது கொண்டுவரலாம். அதாவது வைன் என்றால் ஒருவருக்கு ஒரு போத்தல். காலையில் படகேறி மாலையில் திரும்பியவர் கையில் மூன்று போத்தல் இருந்தால் அது வேறு கதை, அதை நான் கேட்டுக்கொள்ளவில்லை.

உணவகத்துக்குக் கொண்டுபோவதைப் பொறுத்தவரை, கடை சம்மதிக்க வேண்டும், திறப்புக் கட்டணம் கட்ட வேண்டும். கட்டணம் கடைக்குக் கடை மாறும். சில கடைகள் தங்கள் பட்டியலில் உள்ள அதே வைனைக் கொண்டுவந்தால் ஏற்பதில்லை, அது நியாயம்தான். 50 வெள்ளி போத்தலுக்கு 60 வெள்ளி கட்டணம் கட்டிக் குடிப்பதில் அர்த்தமில்லை. பிறந்தநாளுக்கென்று பொத்தி வைத்த நல்ல போத்தலாக இருந்தால் மட்டும் கொண்டுபோங்கள். ஒன்று மறக்க வேண்டாம்: மதியமெல்லாம் காடிப் பின்பெட்டியில் கிடந்த போத்தல் எனக்குச் சமையல் வினிகர் மாதிரிதான்.

சீனர் கடல் உணவுக்கடையில எல்லாம் வைன் குடிக்கலாமா? கோட்டு போட்ட கடைதான் சரியா இருக்குமோ?

என்னைக் கேட்டால், பத்துப் பேருக்கு மேல் போகும் தோட்டத்துக் குடும்பத்துக்கு அதுதான் முதல் தேர்வு. வட்ட மேசை, நடுவில் சுழலும் தட்டு, எல்லாரும் எல்லாரையும் பார்த்துப் பேசலாம். மீனும் இறாலும் நண்டும் நமக்குத் தெரிந்த சாப்பாடு. சோறும் உண்டு. இப்படிப்பட்ட பல கடைகளில் வைன் பட்டியல் பெயருக்குத்தான் இருக்கும், ஆனால் போத்தல் கொண்டுவருவதற்குத் தடையிருக்காது. மேலே சொன்னபடி முன்பே கேட்டுவிட்டு, குளிர்ந்த வெள்ளை வைன் இரண்டு போத்தலைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து எடுத்துப் போனால், இஞ்சி போட்டு ஆவியில் வேகவைத்த மீனுக்கு அதைவிடப் பொருத்தமாக எதுவும் கிடைக்காது.

குறை என்னவென்றால், குவளைகள் தடித்ததாக இருக்கும், சத்தம் அதிகம், சைவக்காரர்களுக்குச் சிரமம். கீரையைக்கூடப் பன்றிக் கொழுப்பில் வதக்கும் கடைகள் உண்டு. தனியாகக் கேட்டால் எண்ணெயில் செய்து கொடுப்பார்கள்.

போத்தலா வாங்குறதா, கிளாஸ் கிளாஸா வாங்குறதா?

ஒரு போத்தலில் 750 மில்லிலிட்டர். குவளைக்கு 150 என்று ஊற்றினால் ஐந்து குவளை. நான்கு பேர் குடிப்பதாக இருந்தால் போத்தல் வாங்குங்கள், மலிவு. இரண்டு பேர்தான், அதிலும் ஒருவருக்குச் சிவப்பு, ஒருவருக்கு வெள்ளை என்றால் குவளையாக வாங்குங்கள். குவளைக்கு ஊற்றும் வைன் எப்போது திறந்தது என்று கேட்பதில் தவறில்லை. திறந்து இரண்டு மூன்று நாளுக்கு மேலானால் நான் வேண்டாம் என்பேன்.

கொஞ்சூண்டு ஊத்திக் குடுத்துட்டு என் முகத்தையே பார்த்துட்டு நிக்கிறாங்க. நான் என்ன செய்யணும்?

மாப்பிள்ளைகள் எல்லாம் வியர்த்துப்போகும் இடம் இது. அது ருசி பார்த்து மதிப்பெண் போடச் சொல்லி அல்ல. போத்தல் கெட்டிருக்கிறதா என்று பார்க்கத்தான். மூக்கருகே கொண்டுபோங்கள். நனைந்த அட்டைப்பெட்டி வாடையோ, பூசணம் பிடித்த துணி வாடையோ அடித்தால் தக்கையால் கெட்டுப்போன வைன். "இது சரியில்லை போலிருக்கே, நீங்க பாருங்க" என்று சொல்லுங்கள், நல்ல கடை பேசாமல் மாற்றிக் கொடுக்கும். வாடை ஒன்றும் இல்லையென்றால் தலையை ஆட்டுங்கள், ஊற்றுவார்கள்.

எனக்குப் பிடிக்கவில்லை என்பதற்காகத் திருப்பி அனுப்ப முடியாது. திருகு மூடி போட்ட போத்தலில் தக்கைக் கோளாறு வர வழியில்லை, அதை மட்டமான சரக்கு என்று நினைக்க வேண்டாம். ஆஸ்திரேலியா, நியூசிலாந்துக்காரர்கள் நல்ல வைனுக்கே திருகு மூடிதான் போடுகிறார்கள்.

சிவப்பு வைனை ஐஸ்ல வைக்கச் சொன்னா சிரிப்பாங்களா?

சிரிக்கிறவருக்கு வைன் தெரியாது. சிவப்பு வைனை அறைச் சூட்டில் குடிக்க வேண்டும் என்று சொன்னது குளிர்நாட்டு அறையை வைத்து, ஏறக்குறைய 16 முதல் 18 பாகை. நம் ஊரில் சாயங்காலமே 30 பாகை. அந்தச் சூட்டில் ஆல்கஹால் மட்டும்தான் மூக்கில் ஏறும். பத்து நிமிடம் பனிக்கட்டி வாளியில் வைக்கச் சொல்லுங்கள். குவளைக்குள் பனிக்கட்டி போடுவதை நான் விரும்ப மாட்டேன், ஆனால் உங்கள் மாமா போட்டால் தடுக்கவும் மாட்டேன். காசு அவருடையது.

நம்ம நாக்குக்குக் காரம் வேணும். எந்த வைன் சரியா வரும்?

காரமும் துவர்ப்பும் சேர்ந்தால் வாய் எரியும். ஆல்கஹால் கூடின வைனும் காரத்தைத் தூக்கிக் காட்டும். அதனால் மீன் தலைக் கறி, சம்பால் இறால் மாதிரி உள்ள மேசைக்குக் கனமான சிவப்பு வைன் வேண்டாம். லேசான இனிப்புள்ள ரீஸ்லிங், வாசனை தூக்கலான கெவுர்ட்ஸ்ட்ராமினர், உலர்ந்த, அதாவது இனிப்பில்லாத, இளஞ்சிவப்பு வைன் ஆகியவை ஒத்துப்போகும். ரீஸ்லிங் கேட்கும்போது இனிப்பு உள்ளதா, உலர்ந்ததா என்று கேட்டுவிடுங்கள், இரண்டு வகையும் உண்டு.

ஆட்டிறைச்சிதான் முக்கியம் என்றால் ஷிராஸ். மிளகு வாசனை அதிலேயே இருக்கும், பிரட்டலுக்குச் சேரும். கோழி, காளான், காரமில்லாத பாஸ்தா என்றால் பினோ நுவார். முதன்முதலாக வைன் குடிக்கிறவர்கள் பலர் கபர்னே சோவினியோனைத்தான் பெயர் தெரிந்து கேட்பார்கள், குடித்ததும் "என்ன இப்படித் துவர்க்குது" என்று முகம் சுளிப்பார்கள். மாட்டிறைச்சியோடு குடித்தால்தான் அது அடங்கும், நம் மேசையில் அது பெரும்பாலும் இல்லை.

மாட்டிறைச்சி சாப்பிட மாட்டோம்னு சொன்னா போதுமா?

போதாது. இது என் சொந்தத் தப்பைச் சொல்ல வேண்டிய இடம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு மேல்நாட்டு உணவகத்தில், நம் பக்கத்துக் குடும்பம் ஒன்று வந்தது. கோழிதான் கேட்டார்கள். பக்கத்தில் வந்த மசித்த உருளைக்கிழங்கின் மேல் ஊற்றியிருந்த பழுப்புக் குழம்பு மாட்டெலும்புச் சாற்றில் செய்தது. எனக்குத் தெரியும், ஆனால் யோசிக்கவில்லை. பாட்டி பாதி சாப்பிட்ட பிறகு பேரன் கேட்டான். பாட்டி ஒன்றும் சொல்லாமல் கை கழுவப் போய்விட்டார். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

ஆகவே "மாட்டிறைச்சி வேண்டாம்" என்பதோடு நிறுத்தாமல், குழம்பு, சூப், எலும்புச் சாறு எதிலும் இருக்கக்கூடாது என்று சேர்த்துச் சொல்லுங்கள். மேசை பதியும்போதே சொல்லுங்கள், உட்கார்ந்த பிறகும் ஒரு முறை.

அம்மா சுத்த சைவம். அவங்களுக்கு என்ன கிடைக்கும்? வைன்கூட சைவம்தானே?

இத்தாலிய உணவகத்தில் அம்மாவுக்குப் பசி தீரும். தக்காளிப் பாஸ்தா, காளான் பீட்சா, வறுத்த காய்கறி எல்லாம் உண்டு. ஆனால் அசல் பார்மெசான் பாலாடைக்கட்டியைக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் நொதியைக் கொண்டுதான் உறைய வைக்கிறார்கள். கடும் சைவம் என்றால் அதைத் தூவ வேண்டாம் என்று சொல்லுங்கள். முட்டை சேராத பாஸ்தாவா என்பதையும் கேட்க வேண்டும்.

வைனைப் பற்றி அம்மாவே கேட்டார் என்றால் அவர் கெட்டிக்காரி. திராட்சைச் சாறுதான், ஆனால் கலங்கலைத் தெளிய வைக்க முட்டை வெள்ளைக்கரு, பால் புரதம், மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பசை இவற்றில் ஒன்றைச் சேர்ப்பது பழைய வழக்கம். பிறகு வடித்துவிடுவார்கள் என்றாலும் சேர்த்தது சேர்த்ததுதான். களிமண் கொண்டு தெளிய வைக்கும் வைன்களும் உண்டு, சில போத்தல்களின் பின்பக்கம் விலங்குப் பொருள் சேராதது என்று போட்டிருக்கும். பட்டியலை முன்பே அனுப்பச் சொன்னது இதற்கும் உதவும்.

அப்பாவோட பழைய கூட்டாளி ஒருத்தர் முஸ்லிம். அவரையும் கூப்பிடலாமா?

மது விற்கும் உணவகத்துக்கு, அரசாங்க இஸ்லாமியத் துறையான ஜாக்கிம் கொடுக்கும் ஹலால் சான்றிதழ் கிடைக்காது. "பன்றி இல்லை" என்று பலகை போட்டிருந்தாலும் அது ஹலால் ஆகாது. அவர் உங்கள் மேல் உள்ள அன்பில் வருகிறேன் என்று சொல்லக்கூடும், அந்த இக்கட்டில் அவரை வைக்காதீர்கள். அவரையும் அவர் வீட்டாரையும் இன்னொரு நாள் ஹலால் கடைக்கு அழைத்து, அப்பாவோடு நிம்மதியாக உட்கார வையுங்கள். நாற்பது வருடம் ஒன்றாக வேலை பார்த்தவருக்குத் தனியாக ஒரு சாப்பாடு போடுவது குறைவான மரியாதை இல்லை.

பையனுக்குப் பத்தொன்பது வயசு. ஒரு வாய் குடுத்தா என்ன?

2017 டிசம்பரிலிருந்து 21 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மது விற்கக்கூடாது. அதற்கு முன் 18 ஆக இருந்தது, அந்த ஞாபகத்தில்தான் பல அப்பாக்கள் கேட்கிறார்கள். சந்தேகம் வந்தால் கடைக்காரர் அடையாள அட்டை கேட்பார், அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் குவளையை அவனிடம் தள்ளி, பரிமாறுகிற பெண்ணின் வேலைக்கு உலை வைக்க வேண்டாம். நுரைக்கும் திராட்சைச் சாறு பல கடைகளில் உண்டு. அதை அதே நீண்ட குவளையில் ஊற்றித் தரச் சொல்லுங்கள், பையனுக்கும் பாட்டிக்கும் சேர்த்து.

அப்பாவுக்குச் சர்க்கரை. இனிப்பில்லாத வைன்னா பரவாயில்லையா?

உலர்ந்த வைனில் சர்க்கரை குறைவு என்பது உண்மை. ஆனால் ஆபத்து வேறு பக்கத்திலிருந்து வரும். இன்சுலின் போடுகிறவர்களுக்கும், சில வகைச் சர்க்கரை மாத்திரை எடுக்கிறவர்களுக்கும் மது சர்க்கரையை மிகக் கீழே இறக்கிவிடலாம், அதுவும் சில மணி நேரம் கழித்து, தூக்கத்தில். தள்ளாடுவதைப் பார்த்து "அப்பாவுக்கு ஏறிடுச்சு" என்று மற்றவர்கள் சிரித்துக்கொண்டிருப்பார்கள். மருத்துவமனைக்கு அடுத்த முறை போகும்போது கேட்டு வாருங்கள். அவர் குடிக்கலாம் என்று சொன்னால், சாப்பாட்டோடு ஒரு குவளை, வெறும் வயிற்றில் வேண்டாம்.

திரும்பி வரும்போது ஒரு கிளாஸ் குடிச்சவர் ஓட்டலாமா?

வேண்டாம். 2020 அக்டோபரில் சட்டத்தை இறுக்கினார்கள். 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் என்றிருந்த வரம்பு 50 ஆனது. முதல் முறை பிடிபட்டாலே 10,000 வெள்ளியிலிருந்து 30,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, குறைந்தது இரண்டு ஆண்டு உரிமம் பறிபோகும். உயிர்ச்சேதம் ஆனால் பத்து முதல் பதினைந்து ஆண்டு சிறை. ஒரு குவளை யாரை எந்த அளவுக்குக் கொண்டுபோகும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கும் வேலை நமக்கு எதற்கு?

ஓட்டப் போகிறவர் யார் என்பதைப் பீடோங்கில் காடி ஏறும்போதே முடிவு செய்யுங்கள், கடையில் போய் அல்ல. குடிக்காத சித்தப்பா ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருப்பார், அவருக்கு நல்ல நண்டு வாங்கிக் கொடுங்கள். சின்னக் கூட்டமாக இருந்தால் சுங்கை பட்டாணியிலிருந்து கொமூட்டர் ரயிலில் பட்டர்வொர்த், அங்கிருந்து நடந்தே போய்ப் படகு ஏறலாம். படகில் இப்போது காடி ஏற்றுவதில்லை, ஆட்களும் மோட்டார்சைக்கிளும்தான். கடைசிப் படகு, கடைசி ரயில் நேரத்தைப் பார்த்துவிட்டு மேசை பதியுங்கள்.

பொம்பளைங்க வைன் குடிச்சா என்ன நினைப்பாங்க? நீங்க குடிப்பீங்களா அக்கா?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். பிள்ளை பெற்ற வீட்டில் டானிக் வைன் வாங்கி வைத்து, "உடம்புக்கு நல்லது" என்று மூடியில் ஊற்றிக் கொடுத்த பாட்டிகள் இந்த ஊரில்தான் இருந்தார்கள். அப்போது யாரும் ஒன்றும் நினைக்கவில்லை.

நான் குடிப்பேன், சாப்பாட்டோடு ஒரு குவளை. விற்கிற சரக்கை ருசி பார்க்காமல் எப்படி விளக்கம் சொல்வது? உங்கள் அக்காவோ மருமகளோ கேட்டால் ஊற்றுங்கள், கேட்காவிட்டால் வற்புறுத்த வேண்டாம். பரிமாறுகிறவர் வைன் பட்டியலை ஆண்கள் கையில்தான் கொடுப்பார். உங்கள் வீட்டில் விவரம் தெரிந்தவர் மகள் என்றால் "அவங்ககிட்ட குடுங்க" என்று சொல்லிவிடுங்கள்.

எங்கப்பா சம்சுவாலதான் போனாரு. அம்மா போத்தலைக் கண்டாலே எழுந்திருச்சிப் போயிடுவாங்க. தம்பி வைன் வேணுங்கிறான்.

சம்சு என்ற மலிவுச் சாராயத்தின் கதை இந்த ஊர்க்காரர்களுக்குப் புதிது இல்லை. தோட்டத்துக்குத் தோட்டம் கள்ளுக்கடை இருந்தது, சம்பளம் அங்கேயே போனது. 1947இல் இந்தப் பீடோங் வட்டாரத்தில்தான் தோட்டத் தொழிலாளர்களின் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளுக்கு எதிராக மறியலில் நின்றார்கள். "வைன் வேற, சம்சு வேற" என்று தம்பி சொல்வது அவன் பார்த்ததை வைத்து. அம்மா பார்த்தது வேறு. அவருக்கு வாடை ஒன்றுதான்.

விருந்து அம்மாவுக்காக என்றால் அந்த மேசையில் போத்தல் வேண்டாம். மதியச் சாப்பாடாக வைத்துவிடுங்கள், மதியத்தில் யாரும் வைனை எதிர்பார்ப்பதில்லை, தம்பிக்கும் சங்கடம் இருக்காது. அன்று இரவு உங்களை வீட்டில் விட்டுவிட்டு அவனும் அவன் கூட்டாளிகளும் போய்க் குடிக்கட்டும். அம்மாவிடம் முன்கூட்டியே கேட்டு, அவர் "குடிக்கட்டும், நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்று சொன்னால்கூட, போத்தலை மேசையில் வைக்காமல் பக்கவாட்டு மேசையில் வைத்து ஊற்றச் சொல்லுங்கள். நல்ல கடைகளில் அப்படிச் செய்வது வழக்கம்தான், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

மிச்சமிருக்கிற வைனை வீட்டுக்குக் கொண்டு வரலாமா?

காசு கொடுத்தது நீங்கள், கேளுங்கள். மூடி போட்டுப் பையில் வைத்துக் கொடுப்பார்கள். காடியில் உள்ளே வைக்காமல் பின்பெட்டியில் வையுங்கள், வழியில் சோதனை நடந்தால் தேவையில்லாத பேச்சு வராது. வீட்டுக்கு வந்ததும் குளிர்ப்பெட்டியில் நிமிர்த்தி வைத்தால் இரண்டு நாள் தாங்கும். மூன்றாம் நாள் ஆட்டிறைச்சிப் பிரட்டலில் ஊற்றிவிடுங்கள். பாட்டியிடம் சொல்லிவிட்டு ஊற்றுங்கள்.